குறிஞ்சிக்குப் போய்ப் பாலையை எடுத்துவரும் பிள்ளைகள்: சேலம் விஸ்காம் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கல்லூரிகளுக்குப் புகைப்படச் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, வந்துபோகிறவன் நான். தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, நீங்கள் வாங்கித் தரும் காபியைக் குடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்புவேன். அந்த நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாத விஷயம் இது. எந்த ஒரு கல்லூரியையும் மனதில் வைத்து எழுதவில்லை. போகிற இடத்தில் எல்லாம் இதே கதைதான் என்பதால்தான் எழுதுகிறேன்.

மாணவர்கள் நீட்டும் ஆல்பத்தைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (ஃப்ரேமை மூன்றாகப் பிரித்து, பொருளை அந்தக் கோட்டில் வைக்கும் விதி) என்றால் ஏற்காடு ஏரியில் ஒரு படகு. ஃப்ரேமுக்குள் ஃப்ரேம் என்றால் ஏற்காடு சாலையில் நிற்கும், பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு. கண்ணை இழுத்துச்செல்லும் கோடுகளான லீடிங் லைன்ஸுக்குத் தண்டவாளம். சில்ஹூட்டுக்கு (வெளிச்சத்தின் முன் கறுப்பு உருவமாகத் தெரிவது), ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் கைகளை விரித்து நிற்கும் நண்பன். பேட்டர்னுக்கு வ.உ.சி. மார்க்கெட்டில் பூக்கூடைகள். கடைசியில் ‘மூட்’, அதாவது படம் தரும் மனநிலை, என்று தலைப்பிட்டு ஒரு பக்கம். அதில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரின் சுருக்கம் விழுந்த முகம், கறுப்பு வெள்ளையில்.

தண்டவாளத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். ரயில்வே இடத்தில் அனுமதியில்லாமல் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டத்தை விடுங்கள், உயிர் போகிற விஷயம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவனுக்குப் பின்னால் வருகிற ரயில் தெரியாது. கோடுதான் வேண்டும் என்றால் அம்மாபேட்டைத் தறிக்கூடத்தில் பாவு நூல் இல்லையா? தண்டவாளப் படம் இருக்கும் ஆல்பத்துக்கு அந்தப் பயிற்சியில் பூஜ்யம் என்று நீங்களே அறிவித்துவிடுங்கள். ஒரே பருவத்தில் நின்றுவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுக்கும் பயிற்சித் தாளில் காம்போசிஷன் (ஃப்ரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்ற அமைப்பு) உத்திகள் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கின்றன. ‘மூட்’ அந்த வரிசையில் கடைசி உருப்படி. இது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் வாதம். மூட் என்பது இன்னொரு உத்தி கிடையாது. மற்ற உத்திகள் எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. படகை ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்கில் ஏன் வைத்தாய் என்று வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், கேட்டால், “அதுதான் சார் ரூல்” என்கிறான் பையன். என்ன உணர்வுக்காக எடுக்கிறோம் என்பது முடிவாகாமல் படகை எங்கே வைத்தால்தான் என்ன?

அந்த உணர்வு எங்கிருந்து வரும்? பாதி, நேரத்திலிருந்து வரும். அங்கேதான் உங்கள் பேருந்து குறுக்கே வருகிறது.

கல்லூரியின் ஏற்காடு ஃபோட்டோ ட்ரிப் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஒன்பது ஒன்பதேகாலுக்குக் கிளம்பும். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு எதிரே ஒரு நிறுத்தம். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் யாராவது வாந்தி எடுக்க ஒரு நிறுத்தம். பதினொன்றை ஒட்டி ஏரிக்கரை. ஒரு மணிக்குச் சாப்பாடு. பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி என்று ஓடிவிட்டு, நான்கு மணிக்கு எல்லோரும் வண்டியில் ஏறியாக வேண்டும். அதாவது வெளிச்சம் சாய்ந்து விழுகிற காலையும் மாலையும் பேருந்துக்குள் போய்விடுகின்றன. உச்சிவெயில் மட்டும் பிள்ளைகளுக்கு மிஞ்சுகிறது. அந்தி சாயும்போது லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். நம் மாணவர்கள் அந்த நேரத்தில் கீழே அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கிறார்கள்.

சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். ஆளின் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், மூக்கின் கீழே ஒரு கறுப்பு மீசை. அந்த வெயிலில் மென்மையான உணர்வு எதையும் எடுக்க முடியாது. வெறுமையை எடுக்கலாம், களைப்பை எடுக்கலாம், கோபத்தைக்கூட எடுக்கலாம். ஆனால் நாம் தரும் தலைப்போ ‘அமைதி’!

இந்த வெளிச்சக் கணக்கை இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் தேடவே வேண்டாம். உங்கள் கல்லூரித் தமிழ்த் துறையில் கேளுங்கள். சங்கப் பாடல்களின் திணைக் கணக்கில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்வனவும் புழங்குவனவும் கருப்பொருள், இவற்றின் மேல் எழுகிற மனநிலை உரிப்பொருள். மலை நிலமான குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் (குளிர்காலம்) முன்பனியும், சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. வறண்ட நிலமான பாலைக்கு வேனிலும் நண்பகலும். ஆக, குறிஞ்சி நிலத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், பாலையின் பொழுதில் படம் எடுக்கவைத்து இறக்கிவருகிறோம். புகைப்படப் பாடத்தின் முதல் வாரத்தில் ஒரு வகுப்பைத் தமிழாசிரியர் எடுக்கட்டும். கேமராவை ஒரு மணி நேரம் பீரோவிலேயே பூட்டி வைத்திருந்தால் எதுவும் குறைந்துவிடாது.

இரவு தங்குவதற்கு அனுமதி கிடைக்காது, பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள், முதல்வர் கையெழுத்துப் போட மாட்டார் என்பீர்கள். நியாயம். அப்படியென்றால் ஏற்காட்டை விட்டுவிடுங்கள் என்கிறேன். மூட் மலைமேல்தான் விளையும் என்று யார் சொன்னது? விடியற்காலை லீ பஜாரில் மூட்டை இறங்கும்போது லாரியின் முகப்பு விளக்கில் தூசி பறக்கிறது. சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் அரையிருட்டில் பற்றவைப்புத் தீ மட்டும் நீலமாக நிற்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சாயங்காலம் பறவைகள் அடையும் நேரத்தில் பின்னால் சேர்வராயன் மலை ஒரே நீலத் திட்டாக மாறுகிறது. எல்லாமே டவுன் பஸ் தூரம். ஆனால் ஒன்று, அந்தந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். கல்லூரி நேரம் ஒன்பதரைக்கு ஆரம்பிப்பதால் வெளிச்சமும் ஒன்பதரைக்கு ஆரம்பிக்காது. காலை ஐந்தரைக்கு வகுப்பு வைத்துவிட்டு, அன்று மதியம் விடுமுறை கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் அதை எப்படிக் காட்டுவது என்பதில் உங்களுக்கு என் உதவி தேவைப்படாது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கீழே வந்து படிக்கிறவள். ஆல்பம் முழுக்கப் பனிமூட்டம். மற்ற பிள்ளைகளின் பனிமூட்டத்தில் ஒரு பெஞ்ச், ஒரு குடை, ஒரு ஜோடி இருக்கும். இவளுடையதில் காபிக் களத்தின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கல் வைத்திருக்கிறார்கள். விறகடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் பள்ளிச் சீருடை தொங்குகிறது. வெள்ளைக்கு நடுவே முதல் பஸ்ஸின் இரண்டு விளக்குகள் மட்டும் மங்கலாக வருகின்றன, பஸ்ஸே தெரியவில்லை. இன்டர்னல் மதிப்பெண் தாளில் சிவப்பு மையில் ‘தெளிவு இல்லை’ என்று எழுதி, பாதிக்கும் குறைவாகப் போட்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு வெறுமையாக விட்டாய் என்று கேட்டேன். “பனி எறங்குனா துணி காயாது சார், காபி காயாது, பஸ் வராது. அதத்தான் எடுத்தேன்” என்றாள்.

சேலத்துக்காரருக்குப் பனி என்றால் வாரக் கடைசி. மேலே குடியிருப்பவருக்கு அது வேலை நின்றுபோகிற நாள். ஒரே வெள்ளைப் புகையில் இரண்டு மூட். எது யாருடையது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அவள் வைத்த ஃப்ரேமும் அதையே சொல்கிறது. திருத்தியவர் பார்த்ததோ ஷார்ப்னஸை மட்டும்.

சரி, தெளிவு என்றே வைத்துக்கொள்வோம். பனியில் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை, அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் குறைவு. கேமராவின் மீட்டர், எதிரே எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக் கணக்குப் போடும். பனிமூட்டத்தைக் காட்டினால் அதையும் அழுக்குச் சாம்பலாக்கித் தரும். மீட்டரின் கணக்கை நாமே திருத்தும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டினால்தான் பனி வெள்ளையாக இருக்கும். ஜவ்வரிசி காயும் களத்துக்கும் சேலம் வெண்பட்டுக்கும் இதே விதி. கொலுசுப் பட்டறைக்கு நேர் எதிர்: மீட்டர் இருட்டை வெளுக்கப் பார்க்கும், நாம் ஒன்றோ இரண்டோ ஸ்டாப் குறைத்து அதைத் தடுக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் விளிம்பைத் தேடும். பனியில் விளிம்பு இருக்காது, லென்ஸ் முன்னும் பின்னும் திணறும். சில்வர் ஓக் மரத்தண்டின் ஓரத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு அப்புறம் ஃப்ரேம் பண்ணச் சொல்லுங்கள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடியற்காலை நீலத்தைக் கேமரா தானாகவே கழுவிவிடும். டேலைட்டில் நிறுத்தினால் நீலம் நீலமாகவே தங்கும். குளிர் அந்த நீலத்தில்தான் இருக்கிறது.

செல்போனில் எடுக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். பாதிப் பேரிடம் கேமரா கிடையாது என்பதும், துறையின் இரண்டு மூன்று கேமராக்கள் சுற்றுக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். செல்போன் பல ஃப்ரேம்களை ஒன்றாகக் கோர்த்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் தரும். எல்லாம் தெரிந்துவிட்டால் மூட் போய்விடும். திரையைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கையால் கீழே இழுக்கக் கற்றுக்கொடுங்கள், இப்படிக் கோர்க்கிற ஹெச்.டி.ஆரை அணைக்க முடிகிற போனில் அணைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அந்தக் கறுப்பு வெள்ளை முதியவருக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே உண்டு. ‘சோகம்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் நேராக ஏழையைத் தேடிப் போகிறார்கள். அவர் சோகமாக இருந்தாரா, பஸ்ஸுக்குக் காத்திருந்தாரா, யாருக்கும் தெரியாது. பெயர் கேட்டாயா, படம் எடுக்கலாமா என்று கேட்டாயா என்றால் பேச்சில்லை. அவருடைய முகச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து, நம் பயிற்சித் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பிவிடுகிறோம். ஏற்காட்டுப் பக்கம் போனால் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இதே மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். தோட்ட வேலை முடித்துத் தலையில் சுமையோடு வருகிறவரை வழிமறித்து “இப்படி நில்லுங்க, சிரிக்காதீங்க” என்று சொல்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கிறவரைச் சிரிக்காதே என்று சொல்லி எடுத்த படத்துக்குப் பக்கத்தில் ‘இயற்கையான உணர்வு’ என்று குறிப்பு வேறு.

முகத்தைத் தடைசெய்து பாருங்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). ஒரு மாணவருக்கு ஒரு மெய்ப்பாடு, சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். ஒரே நிபந்தனை, படத்தில் மனித முகம் வரக்கூடாது. அழுகை வந்த பையன் என்ன செய்வான்? கொஞ்ச நாள் திண்டாடுவான். அப்புறம் தாத்தா இறந்த பிறகும் திண்ணையில் கிடக்கிற அவருடைய கைத்தடி கண்ணில் படும், அல்லது மழையில் நனைந்த கல்யாணப் பந்தல். வெகுளி வந்த பெண் பூட்டிய கதவை எடுக்கலாம்; எந்த உயரத்தில் நின்று, எவ்வளவு நெருங்கி என்பதில்தான் அது வெறும் கதவா, கோபமா என்பது தீர்மானமாகும். நகைக்குக் குரங்கு போதும் என்று ஏற்காட்டுக்கு ஓடுகிறவனை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். இப்படி ஒரு பயிற்சி புதிதும் அல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தன் படங்களின் வலு எதிரே உட்கார்ந்தவர்களிடமிருந்து வந்ததில்லை என்று காட்டுவதற்காக, 1922 முதல் கேமராவை வானத்துக்குத் திருப்பி மேகங்களை எடுக்கத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்கும் மேகம் இருக்கிறது. ஐப்பசியில் சேர்வராயன் மலைமேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே செய்யாது.

காம்போசிஷன் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறாக, இப்போது நடக்கிற பயிற்சியில் காம்போசிஷன் போதவில்லை. ஆளுக்கு ஒரு உத்தி, உத்திக்கு ஒரு படம் என்று முடித்துவிடுகிறோம். அதற்குப் பதில் ஒரே காட்சியைக் கொடுங்கள். ஆத்தூர் போகிற வழியில் ஒரு சேகோ ஃபேக்டரிக் களத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளையாக விரிந்து கிடக்கிற சிமெண்ட் தரை, ஜவ்வரிசியைக் கிளறிவிடுகிற ஒரே ஒரு ஆள். அடிவானத்தை ஃப்ரேமின் உச்சிக்குத் தூக்கி, ஆளை மேல் ஓரத்தில் சின்னதாக வைத்தால், களம் முடியாத வேலையாகத் தெரியும். தாழ உட்கார்ந்து, அடிவானத்தைக் கீழே இறக்கி, வானத்தின் முன் அவரை நிறுத்தினால் அவர் பெருமிதமாக நிற்பார். ஃப்ரேமின் வலது ஓரத்தில், வெளியே பார்க்கும்படி வைத்தால் படத்தில் ஒரு தவிப்பு வரும். இடது பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறதே, ஏன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று மனம் கேட்கும். நட்ட நடுவில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும், சாமி படம் மாதிரி. அந்த அசைவின்மை தேவைப்படுகிற இடமும் உண்டு. ‘நடுவில் வைக்காதே’ என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவைப்பதால், கோட்டை மாரியம்மன் கோயில் கோபுரத்தைக்கூட ஓரத்தில் ஒதுக்கி எடுத்துவருகிறார்கள். பாவம், கோபுரம் என்ன செய்தது?

இந்தக் களத்துப் படங்களில் ஆள் மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை, லென்ஸ்கூட மாறவில்லை. மாறியது எடுத்தவனின் கால் நின்ற இடமும் முழங்கால் மடங்கியதும்தான். கேமராவோடு வரும் சாதாரண 18-55 கிட் லென்ஸை வைத்துக்கொண்டு “ஜூம் பத்தலை சார்” என்கிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். ஆலைக்காரரிடமும் அந்த ஆளிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரிண்ட் கொடுத்த இடத்தில் மறுபடி போனால் டீ கிடைக்கும், எங்கள் தொழிலில் இது அனுபவம்.

மதிப்பெண் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதற்குத்தான் எடுக்கிறார்கள். ஆல்பத்தில் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் இருப்பதால், அவன் யோசித்து எடுத்தானா, குருட்டாம்போக்கில் அமைந்ததா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் 36 ஃப்ரேம் என்று வரம்பு வையுங்கள், ஃபிலிம் ரோல் கணக்கில். அத்தனையையும் எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில் சின்னச் சின்னப் படங்களாக, ஒரு கன்டாக்ட் ஷீட்டாக அடித்து ரெக்கார்டில் ஒட்டட்டும், வீணாய்ப்போனதும் சேர்த்து. அதைப் பார்த்தால் அவன் எங்கே நின்றான், எப்போது நகர்ந்தான், எந்த இடத்தில் விஷயம் பிடிபட்டது என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நான் பாதி மதிப்பெண்ணை அந்தத் தாளுக்கே கொடுப்பேன்.

கல்யாண ஆல்பம் மாதிரி 12க்கு 18 அளவில், பளபளப்பு லேமினேஷனோடு கேட்கிறீர்களே, அதையும் நிறுத்துங்கள். கடன் வாங்கி அடித்துக்கொண்டு வருகிறார்கள். 4க்கு 6 மேட் பிரிண்ட் தாராளமாகப் போதும். நல்ல படம் சின்ன அளவிலும் நிற்கும், மோசமான படம் பெரிய அளவில் இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

பாடத்திட்டத்தை மாற்றப் பாடத்திட்டக் குழு, கூட்டம், தீர்மானம் என்று வருடக்கணக்காகும். ஆனால் பயிற்சித் தாளும் ட்ரிப் நேரமும் உங்கள் கையில் இருப்பவை. ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. ஆடியில் சேலத்துக் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கைத் திருவிழா வரும். அலங்கார வண்டிகள், சீரியல் லைட், கூட்டம், பிள்ளைகளைத் தோளில் தூக்கி நிற்கும் அப்பாக்கள். மருட்கையும் உவகையும் சீட்டில் விழுந்தவர்களுக்குக் கொண்டாட்டம், அச்சம் விழுந்தவருக்கும் இடம் இருக்கிறது. பேருந்து பிடிக்க வேண்டாம், தங்க அனுமதி வேண்டாம், இருட்டிய பிறகு ஒரு மூன்று மணி நேரம் பிள்ளைகளை அனுப்பினால் போதும். முதல் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். நானும் வருகிறேன். எக்ஸ்டர்னல் படி வேண்டாம், ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செய்முறைத் தேர்வுக்கு வந்துபோகும் ஒரு புகைப்படக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்